முகம் தெரியாத படம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. போட்டோக்கார அக்கா இதை என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு வருடங்களில், நாலைந்து தடவையாக, துண்டு துண்டாகச் சொன்னாள். அந்த ஆள் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது என்று ஒரு தடவை சொன்னாள். வெயிலில் கண் கூசியது என்று இன்னொரு தடவை. எதுதான் சரி என்று கேட்டேன். "எனக்கு அன்னிக்கு வெளியே பாக்கவே தைரியம் இல்ல. மழை பெஞ்சா என்ன, வெயில் அடிச்சா என்ன" என்றாள். எத்தனை தடவை சொன்னாலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான். கடை முகப்பில், கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த அந்தப் படம்.

அவளுடைய ஸ்டூடியோ இரண்டே அறை. முன்னறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், தலை சீவிக்கொள்ள ஒரு கண்ணாடி, யாரும் எடுத்துப் போய்விடாதபடி நூல் கட்டித் தொங்கவிட்ட சீப்பு. கதவைத் திறந்தால் மேலே ஒரு சின்ன மணி சிணுங்கும். உள்ளறையில் விளக்குகள், சுருட்டி வைத்த பின்திரைகள், ஒரு ஸ்டூல். அதற்கும் பின்னால், பலகைத் தடுப்புக்குள், அவள் கணவரும் கணினியும் பிரிண்டரும். முகப் பருவை அழிப்பதும், மூடிய கண்ணை வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டித் திறந்து வைப்பதும் அவர் வேலை. "படைச்சவன் பண்ணின தப்பையெல்லாம் நான் உக்காந்து திருத்தறேன். ஒரு நன்றி கிடையாது" என்பார்.

குழந்தைகளைப் படம் எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவளுக்கு ஈடு கிடையாது. பதினோரு பேர் கொண்ட குடும்பத்தை நிற்க வைத்தால் பத்துப் பேர் கண்ணைத் திறந்திருக்கும்போது பதினோராவது ஆள் மூடிவிடுவார். இரண்டு வயதுப் பிள்ளை நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அவளும் தரையில் குப்புறப் படுத்து அங்கேயே வைத்து எடுத்துவிடுவாள். "பிள்ளையைச் சிரிக்க வெக்கறது ஒரு வேலையா. பக்கத்துல நின்னு சிரி சிரின்னு உயிரை எடுக்கற அப்பனை அடக்கறதுதான் வேலை" என்பாள். எல்லாக் குழந்தைக்கும் ஒரு அரை நொடி உண்டு. எதிரில் கேமரா இருப்பதையே மறந்துவிடும் அரை நொடி. அதற்காக ஒரு மணி நேரம் தரையில் புரளவும் அவள் தயார். அது கிடைத்த நாளில் சாப்பாட்டை மறந்துவிடுவாள்.

அவளிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, குழந்தையின் பெயரை எழுதி வைக்க மாட்டாள். எதற்குச் சிரித்ததோ அதைத்தான் உறையின்மேல் எழுதுவாள். 'வாத்து', 'ஏப்பம்', 'ஒற்றைச் செருப்பு'. பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், சிரிப்பு வராது என்பது அவள் கணக்கு. இன்னொன்று, எந்த ஆர்டரானாலும் முதல் பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் குறிப்பு எழுதுவாள். பள்ளிக்கூடத்துக்கான படம் என்றால் பள்ளியின் பெயரையும் சேர்த்து எழுதுவாள். ஒரு பள்ளி பின்னால் நீலம் கேட்கும், ஒரு பள்ளி வெள்ளை கேட்கும், இன்னொன்று இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்கும். நிறம் மாறிப்போய் நாற்பது படம் குப்பைக்குப் போன பிறகு வந்த பழக்கம் அது.

அந்தப் பெண் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தது பள்ளி திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது. வந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"இந்த நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கலாமாக்கா? கதவு தெரியற மாதிரி."

மகளுக்கு ஐந்து வயது இருக்கும். தலைமுடி அப்போதுதான் ஒட்ட வெட்டியிருந்தது. அக்கா தன் வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தாள். வாத்தாக நடந்தாள், விக்கினாள், தன் பெயரையே மறந்துபோனதுபோலத் தேடினாள். அந்தக் குழந்தையோ, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நீலத் திரையைப் பிரித்தபோது தூசி கிளம்பி அக்காவுக்கு நிஜமாகவே ஒரு தும்மல் வந்தது. குழந்தை சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமே இல்லாமல் ஆரம்பித்து, பிறகு அடக்க முடியாமல். அவ்வளவுதான். உறையில் 'தும்மல்' என்று ஏறிவிட்டது.

பள்ளிப் படம் முடிந்ததும் அம்மா தயங்கி நின்றாள்.

"நானும் இவளும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லக்கா. எல்லாத்தையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம். ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தருவீங்களா? ஆனா எங்கேயும் மாட்டிடாதீங்க. போன்லயும் போட்டுடாதீங்க. எங்களை ஒருத்தர் தேடிக்கிட்டிருக்கார்."

யார் என்று அக்கா கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் இடது கைச் சுண்டு விரல் நடுவில் வளைந்து, மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நின்றது.

"உங்க முகம் இந்தக் கடையை விட்டு வெளியே போகாதும்மா. நான் பொறுப்பு."

பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தாள். எல்லாவற்றிலும் இரண்டு பேரும் யாரோ கூப்பிட்டதுபோல விறைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் குழந்தைக்கு அலுத்துப்போய், திரும்பி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அம்மாவின் இடது கை தானாக மேலே வந்து அந்தத் தலையை மூடியது. அக்கா பட்டனை அழுத்தினாள். அம்மாவின் முகம் படத்துக்கு மேலே வெட்டுப்பட்டு, தாடையோடு நின்றுவிட்டது. குழந்தையின் பின்னந்தலை மட்டும். ஒட்ட வெட்டிய முடியில் இரண்டு சுழிகள். அவற்றின்மேல் ஒரு கை.

முதல் பிரிண்ட் கொஞ்சம் இருட்டாக வந்தது. வேறொன்று போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இருட்டானதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். ஒரு மாதம் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் தான் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று தோன்றிவிட்டது. ஒரு நாள் காலை, சட்டம் போட்டு, முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினாள்.

கணவர் வெளியே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். "அந்தப் பொண்ணைக் கேட்டியா?"

"முகமே இல்லையேங்க. யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"கேட்டுட்டு மாட்டியிருக்கலாம்."

"முகம் வெளியே போகாதுன்னுதான் சொன்னேன். இதுல முகம் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாளெல்லாம் முகங்களையே பார்த்துப் பழகியவள் அவள். முகம் இல்லையென்றால் ஆளே இல்லை என்று நினைத்துவிட்டாள்.

பதினைந்து நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். பள்ளியில் இன்னும் நாலு படம் கேட்கிறார்களாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு மகளோடு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அக்காவுக்கு அப்போதுதான் நெஞ்சில் சின்னதாக ஒரு உறுத்தல். நாலரைக்கு அந்தப் படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலே காலுக்கு அந்த ஆள் வந்தார்.

முதலில் உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றார். அப்படி நிற்பவர்கள் வழக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், போவார்கள். இவர் அசையவில்லை. பிறகு மணி சிணுங்கியது. நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை.

"பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும் மேடம்."

உள்ளறையில் ஸ்டூலில் உட்கார வைத்தாள். தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். அவர் சொன்னபடி செய்தார். கேமராவுக்குள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் உதடு அசைந்தது.

"வெளியே ஒரு படம் மாட்டியிருக்கீங்களே. குழந்தையோட பின்னந்தலை."

அவள் விரல் பட்டனிலேயே நின்றது. "அதுவா? ஃபிரேமோட வந்த படங்க. சட்டம் விக்கற கம்பெனிக்காரங்க ஏதாவது ஒண்ணைப் போட்டு அனுப்புவாங்க."

"ரெட்டைச் சுழி" என்றார் அவர். "வலது பக்கம் இருக்கறது பெருசு. இடது பக்கம் இருக்கறது சின்னது, அது எதிர்ப்பக்கமா சுத்தும். தினம் காலையில நான்தான் எண்ணெய் வெச்சுத் தலை சீவி விடுவேன். எப்படி வாரினாலும் அந்த இடத்துல மட்டும் முடி படியாது."

குரலில் கோபம் இல்லை.

"ரெட்டைச் சுழி எத்தனையோ பிள்ளைங்களுக்கு இருக்குங்க."

"இருக்கும். ஆனா அந்தக் கையும் எனக்குத் தெரியும் மேடம். சுண்டு விரல் நேரா நிக்காது. ஒரு நாள் கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு."

கதவைச் சாத்தியது யார் என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்தவள். எந்த அப்பா வீட்டில் கத்துவார், எந்த அண்ணன் தம்பியைக் கிள்ளுவான் என்று வந்து உட்கார்ந்த உடனேயே சொல்லிவிடுவாள். இந்த முகத்தில் எதைத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் என்றாலும் பொருந்தியது. அந்தக் கதவைச் சாத்தியவன் என்றாலும் பொருந்தியது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது.

"ஒரு நிமிஷம், இந்த லைட் சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் தடுப்புப் பக்கம் குரல் கொடுத்தாள். "என்னங்க, தும்மல் அஞ்சு மணிக்கு வருதுன்னு சொன்னேனே. இன்னிக்கு வேண்டாம்னு போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

"தும்மலுக்கே நேரம் குறிச்சு வர வெக்கிறியா? உன்னால மட்டும்தான்..." என்று ஆரம்பித்த கணவரின் குரல் பாதியில் நின்றது. நாற்காலி நகர்ந்தது. பின்வாசல் தாழ்ப்பாள் திறந்தது.

"தும்மலா?" என்றார் ஸ்டூலில் இருந்தவர்.

"தூசி தட்ட வர்ற ஆளுக்கு நாங்க வெச்ச பேரு."

அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் ஒரே வேலைதான். அழும் பிள்ளையை எழுந்து ஓடாமல் உட்கார வைக்கத் தெரிந்த தந்திரமெல்லாம் அந்த ஆளிடம் காட்டினாள். கண்ணைச் சிமிட்டிவிட்டீர்கள் என்றாள். காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்றாள். விளக்கை நகர்த்தினாள், திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்தாள். வெள்ளைத் திரையா நீலத் திரையா என்று கேட்டு, இரண்டையும் மாற்றி மாற்றித் தொங்கவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தால் தெரு தெரியாது. அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலைங்க மேடம்" என்றார் அவர், தாடையைத் தூக்கியபடியே.

அவள் காலரை இன்னொரு தடவை சரிசெய்யச் சொன்னாள்.

முன்கதவு மணி சிணுங்கியது.

அதற்கு அடுத்து, "அச்சூ" என்று ஒரு பொய்த் தும்மல். குழந்தைத் தும்மல். படம் எடுத்த அந்த முதல் நாளுக்குப் பிறகு, அந்தக் குழந்தை எப்போது வந்தாலும் வாசலில் நின்று அப்படித்தான் தும்மும். உள்ளேயிருந்து அக்கா பதிலுக்குத் தும்ம வேண்டும். அப்புறம்தான் உள்ளே ஓடி வரும். அதுதான் இரண்டு பேருக்கும் உள்ள ஏற்பாடு.

அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றாள். வெளியே குழந்தை காத்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சுவர் வழியாகத் தெரிந்தது. இன்னொரு தும்மல் ஆரம்பித்தது. பாதியிலேயே நின்றுபோனது. யாரோ வாயைப் பொத்தியதுபோல.

அவர் எழுந்தார். அவள் தடுக்கவில்லை. விளக்குகளைச் சுற்றி வந்து, முன்னறைத் திரையை விலக்கிக்கொண்டு போனார். அவளும் பின்னால் போனாள்.

முன்னறையில் அவள் கணவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. பின்வாசல் வழியாகப் போய், பக்கத்துச் சந்து வழியாக ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"தூசி ஒத்துக்கறதில்ல சார். சாயங்காலமானா இப்படித்தான்" என்று சொல்லி, மெல்லிய குரலில் இன்னொரு தும்மல் போட்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர், ஐந்து வயதுப் பிள்ளையின் தும்மலை.

வந்தவர் சிரித்துவிட்டார். வயிற்றில் கை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமில்லாமல் ஆரம்பித்து, பிறகு அடக்க முடியாமல்.

அந்த முகத்தில் அக்காவுக்குக் கடைசியில் ஒன்று தெரிந்தது. குழந்தையின் சிரிப்பு அது, அச்சாக. அதைப் பார்த்தபோது வந்த பயம் அதற்கு முன்னால் இருந்ததை விடப் பெரிது என்று சொன்னாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார். "அந்தப் படம் ஃபிரேமோட வந்ததுன்னு சொன்னீங்க இல்ல? அப்படின்னா ஃபிரேமோட எனக்குக் குடுத்துடுங்க."

மாட்டேன் என்று சொன்னால், அது யாருடைய படம் என்று சொன்னதாகிவிடும். அவள் கழற்றினாள். ஒரு பழைய தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோல மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தன் பாஸ்போர்ட் படங்களை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி நடந்து, முனையில் திரும்பிப் போனார்.

எதிர்ச்சாரியில் தையல் கடை. அங்கே துணி போட்டுப் பார்க்கத் திரை கட்டிய மூலையில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். தையல்காரர் வாசலில் உட்கார்ந்து, மெஷினில் துணியே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார். கணவர்தான் அவர்களை வாசலிலேயே பிடித்து, அங்கே ஓடி ஒளியச் சொல்லித் தள்ளிவிட்டிருந்தார். அம்மாவின் கை இன்னும் மகளின் வாய்மேல்தான் இருந்தது. ஆள் போய்விட்டார் என்று சொன்ன பிறகும் எடுக்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மாட்டியதை, அவர் பார்த்ததை, கொடுத்ததை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் திட்டவில்லை.

"அந்தப் படத்துக்குப் பின்னாடி ஏதாவது எழுதியிருந்தீங்களாக்கா? எனக்குக் குடுத்ததுல பென்சில்ல எழுதி அழிச்ச மாதிரி இருந்துச்சு."

அக்கா யோசித்துப் பார்த்தாள். முதல் பிரிண்டில்தான் எழுதுவாள். முதல் பிரிண்ட் அந்த இருட்டான படம். இல்லை, அதற்கு முன்பே பள்ளிப் படம் வெளிவந்து, அதன் பின்னால் எழுதினாளோ? அம்மாவிடம் கொடுத்த படத்தில் எழுதி அழித்தது எதற்காக? எழுதிய இடம் மாறிப்போனது என்றா? அன்றைக்குப் பிரிண்டரிலிருந்து எது முதலில் வந்தது? கணவரைப் பார்த்தாள்.

"நான் எழுதலைம்மா. நீதானே எழுதுவ" என்றார் அவர்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள் அக்கா.

"என்ன எழுதுவீங்க?"

"தும்மல்னு. அப்புறம்... பள்ளிக்கூடத்துப் பேரு."

தையல்காரர் மிதிப்பதை நிறுத்தினார். "போலீஸ்ல சொல்லிடலாமே தங்கச்சி."

"சொல்லியாச்சுண்ணே. ரெண்டு ஊர்ல" என்றாள் அந்தப் பெண். மகளின் தலையில் கை வைத்து, அந்த இரண்டு சுழிகளையும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "ஞாபகம் இல்லைன்னா, எழுதியிருக்குன்னுதான் வெச்சுக்கணும்க்கா" என்றாள்.

குழந்தை அக்காவைப் பார்த்தது. "நீங்க ஏன் தும்மலை?" என்று கேட்டது.

குழந்தையின் தலையைச் சுற்றித் துணியைக் கட்டி, தையல் கடையின் பின்வழியாக அவர்கள் போனார்கள். பள்ளிக்கான நாலு படங்கள் மேஜைமேலேயே கிடந்தன.

பள்ளி திறந்து மூன்றாவது வாரம், வகுப்புப் படங்கள் எடுக்க அக்கா அதே பள்ளிக்குப் போனாள். வருடா வருடம் அவள்தான் எடுப்பது. பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்திக்கொண்டிருந்தபோது, பட்டியலோடு வந்த அலுவலக அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"போன வாரம் ஒரு கூத்து நடந்துச்சுங்க. ஒருத்தர் பெரிய படம் ஒண்ணைக் கட்டித் தூக்கிக்கிட்டு வந்து, இந்தத் தலை உங்க பள்ளிக்கூடத்துல இருக்கான்னு கேட்டாரு. நாங்க சிரிச்சுட்டோம். தலையை வெச்சு எப்படிங்க தேடறதுன்னு கேட்டா, பிள்ளைங்களை ஒரு தடவை திரும்பி நிக்கச் சொல்லுங்க, போதும்னாரு."

அக்கா கேமராவை இறக்கிக் கீழே வைத்தாள். முதல் வகுப்பில் ஒரு பெயர் சேர்க்கையோடு நின்றுபோய், பட்டியலில் அடிக்கப்பட்டிருந்தது. வரிசையில் அந்த இடத்தில் யாரும் இல்லை. மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மாவும் மகளும் வேறொரு ஊரில் இருக்கிறார்கள். எந்த ஊர் என்று அக்காவுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவள் விரும்பவும் இல்லை. ஒரு தடவை கடை போனில் யாரோ பேசாமல் இருந்து, ஒரே ஒரு தும்மல் தும்மிவிட்டு வைத்தார்கள். அந்த ஆள் இன்னும் இரண்டு தடவை வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார், பிறகு வரவில்லை. அவர் பாஸ்போர்ட் படங்கள் மேலே எதுவும் எழுதாத உறையில் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கின்றன. தையல்காரர் கடையை அடுத்த தெருவுக்கு மாற்றிக்கொண்டார். கணவருக்குக் கண்புரை அறுவை முடிந்து, மறுபடியும் பிறர் கண்களைத் திறந்துகொண்டிருக்கிறார். அக்கா இன்னும் குழந்தைகளைப் படம் எடுக்கிறாள். படங்களின் பின்னால் எழுதுவதில்லை. முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது வெறும் சட்டங்கள் மாட்டியிருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லாமல்.